பல்லால் கேட்டவர்கள்

பல் டாக்டரின் துளைக்கருவி சுழலும்போது மட்டும்தான் எங்களால் வாசிக்க முடியும். அது நின்றால் நாங்களும் நிற்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. முன்னறை நாற்காலியில் யாரோ ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்திருப்பார். டாக்டரம்மா காலால் மிதியை அழுத்துவார். அந்தக் கீச்சொலி சுவரைத் தாண்டி வந்ததும் பின்னறையில் அக்கா கிட்டார் தந்தியில் கை வைப்பாள், நான் பசை டின்களின் மேல் குச்சியை இறக்குவேன். மிதியிலிருந்து கால் எடுக்கப்பட்டால் பாட்டு பாதி வரியில் அறுந்து தொங்கும். இப்படிப் பழகிப் பழகி எங்கள் பாட்டுகள் எல்லாமே நடுநடுவே சட்டென்று நின்று, மூச்சு வாங்கி, மறுபடி பாய்கிற மாதிரி ஆகிவிட்டன. கேட்பவர்கள் அதைப் பெரிய நுணுக்கம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது யாரோ ஒருவர் வாய் கொப்பளித்த நேரம்.

அன்றைக்குத் துளைக்கருவி நின்றது. நான் நிறுத்திவிட்டேன். அக்கா நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, எங்கோ போய்விட்டிருந்தாள். கிட்டாரின் சத்தம் துணையில்லாமல் தனியாக அந்த வீட்டுக்குள் நின்றது. நான் குச்சியால் அவள் முழங்காலைத் தட்டியபோதுதான் விழித்தாள். அதற்குள் வாசலில் டாக்டரம்மா வந்து நின்றுவிட்டார்.

"நான் நிறுத்திட்டேன். நீ நிறுத்தலையேம்மா."

அவருக்குப் பின்னால், கழுத்தில் துணி கட்டி, கன்னத்துக்குள் பஞ்சு அடைத்த ஒரு பெரிய மனிதர் எட்டிப் பார்த்தார். மரத்துப்போன உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்து, "பாரியம்" என்றார்.

"என்ன பாரியம்?" என்றாள் அக்கா.

"வாரியம்ங்கிறார்" என்றார் டாக்டரம்மா, தரையைப் பார்த்தபடி.

ஒலி வாரியத்துக்காரர்களை எங்கள் ஊரில் முள்ளுக்காரர்கள் என்போம். ஒவ்வொரு தெருமுனையிலும் கண்ணாடி முகம் வைத்த ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஒரு முள். தெருவின் சத்தத்துக்கு ஏற்ப அது பச்சையில் படுத்திருக்கும், மஞ்சளுக்கு எழும்பும். சிவப்பைத் தொட்டால் முள்ளுக்காரர் சைக்கிளில் வந்து நிற்பார், சங்கிலிக்கு எண்ணெய் போட்ட, சத்தமே வராத சைக்கிளில். பல் டாக்டர் வீடு இருக்கும் தெருவுக்கு மட்டும் மஞ்சளில் சலுகை. நாங்கள் அந்தச் சலுகைக்குள் ஒளிந்திருந்தோம்.

அவர் அக்காவையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானா அந்த ஷங்கு?"

"சங்கு" என்று தன் பட்டப்பெயரைத் திருத்தினாள் அக்கா. "ச."

"சார், முதல்ல வந்து உக்காருங்க" என்றார் டாக்டரம்மா. "பாதி துளைச்ச பல்லோட வெளிய போனீங்கன்னா மரப்பு விட்டதும் சுவத்துல முட்டிப்பீங்க."

"சத்தம் வராம முட்டிக்கணும் சார்" என்றாள் அக்கா. "தெருவுல முள் இருக்கு."

அவர் சிரித்தாரா, உதடு கோணிக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. போய் நாற்காலியில் படுத்துவிட்டார். பல்லை அடைத்து முடித்த பிறகும் அவர் போகவில்லை. முகம் கழுவிக்கொண்டு, துணியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எங்கள் பின்னறையில் ஒரு பசை டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். கைது செய்ய வந்தவர் மாதிரி இல்லை, பெண் கேட்க வந்தவர் மாதிரி இருந்தார்.

சமாதான நாளின் வெள்ளி விழா வருகிறதாம். இளசுகள் ஒரு மாதிரியாக இருக்கிறார்களாம். வாரியத்தின் பெரிய மனசைக் காட்ட வேண்டும் என்று மேலே நினைக்கிறார்களாம். நகர மன்றத்தில், எல்லோர் முன்னாலும், பகல் வெளிச்சத்தில் அக்கா வாசிக்கலாம். அவர்களே ஒலிப்பெட்டி தருவார்கள். அதில் ஒரு தடுப்பு இருக்கும். முள் மஞ்சளைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். நல்லபடியாக முடிந்தால் அனுமதிச் சீட்டு. அதன் பிறகு நாட்டில் எந்த மன்றத்திலும், யாருக்கும் பயப்படாமல், ஆயுள் முழுக்க.

"தாண்டினா?" என்றாள் அக்கா.

"அது நொறுக்கப்படும்" என்று கிட்டாரைக் காட்டினார். "நீங்க இனிமே எந்த மேடையிலயும், எந்த வீட்லயும் எதையும் தொடக்கூடாது. யார் உங்களுக்கு ஒரு தந்தி வித்தாலும் அவங்களுக்கும் தண்டனை. அப்பிடியே வாழ்க்கை முழுக்க." கொஞ்சம் நிறுத்தினார். "மஞ்சள் மோசமில்லம்மா. மஞ்சள்ல நிறைய செய்யலாம்."

அவர் போனதும் டாக்டரம்மா கதவைச் சாத்தி, துணிப்பட்டையை அதன் அடியில் திணித்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். "கடவாய்ப் பல்லுக்குத்தான் வந்தாரு. ஆனா முன்பல்லப் பாத்தீங்களா?"

"உடைஞ்சிருக்கா?" என்றாள் அக்கா.

"பிறை மாதிரி. அதே இடத்துல."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பாட்டுகளை மெழுகுத் தட்டுகளில் பதித்தோம், தட்டுகள் கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போயின. ஆனால் தட்டைச் சுழலவிட்டுச் சத்தமாகக் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? முள் இருக்கிறதே. அதற்கு யாரோ ஒருவர் வழி கண்டுபிடித்தார். இசைத்தட்டுப் பெட்டியின் குழலைக் கழற்றிவிட வேண்டும். ஊசியின் தலையில் ஒரு ஸ்பூனின் குழிப்பக்கத்தை வைத்து, காம்பைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். பாட்டு பல் வழியே தாடைக்குள் ஏறி, மண்டைக்குள் திறந்துகொள்ளும். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூட ஒன்றும் கேட்காது. நான் முதன்முதலில் அப்படிக் கேட்டபோது என் சொந்த அடியே என் நெற்றிக்குப் பின்னாலிருந்து வந்தது. யாருக்கும் தெரியாமல் தலைக்குள் ஒரு ஊரே நடந்துகொண்டிருப்பது போல. ஒரே ஒரு சங்கடம், அடி பலமாக விழும் இடத்தில் எல்லோரும் தங்களையறியாமல் அழுத்திக் கடித்துவிடுவார்கள். முன்பல்லில் சின்னதாக ஒரு பிறை உடையும். இளவயதுக்காரர்கள் வரிசையாக ஒரே இடத்தில் பல் உடைந்து வருவதைப் பார்த்துத்தான் டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு பெண்ணை நாற்காலியில் வைத்து, "உண்மையச் சொல்லு, என்னத்தக் கடிச்சே?" என்று கேட்டார். அன்று மாலையே ஒரு ஸ்பூனோடு எங்களைத் தேடி வந்தார். இப்போது அவருக்கும் பிறை உண்டு. தனக்குத்தானே அடைத்துக்கொள்ள முடியவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

டாக்டர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் குன்று. அதன் மேல் காதுச்சுவர். மூன்று மாடி உயரத்துக்குக் கான்கிரீட்டில் வார்த்த ஒரு கிண்ணம், வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும். போர்க்காலத்தில் அதன் நடுவே ஒருவர் நின்று, காதில் ரப்பர் குழாய் மாட்டிக்கொண்டு, எதிரியின் ஆகாயக் கப்பல்கள் எவ்வளவு தூரத்தில் வருகின்றன என்று கேட்டுச் சொல்வார். எதிரிக்கும் காதுகள் இருந்தனவாம். மேகத்துக்கு மேல் மோட்டாரை அணைத்துவிட்டு மிதந்தபடி, கீழே ஊர் எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் குண்டு போடுவார்களாம். அதனால் ஊர் வாயை மூடியது. மணிகள் இறக்கப்பட்டன. செருப்புக்குக் கம்பளி அடி வந்தது. நான் வேலை பார்ப்பது அந்தக் கம்பளி அடி ஒட்டும் தொழிற்சாலையில்தான், டின்கள் அங்கிருந்து வந்தவை. பாத்திரங்களுக்கு மரக்கரண்டி, நாற்காலிக் கால்களுக்கு ரப்பர், பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதில் நிற விளக்கு. மேடையில் யாராவது நன்றாகப் பேசினால் நாங்கள் கை தட்டுவதில்லை, உள்ளங்கைகளைத் தேய்ப்போம். போர் முடிந்தது. பழக்கம் முடியவில்லை. முதலில் எச்சரிக்கை என்றார்கள், பிறகு ஒழுக்கம் என்றார்கள், கடைசியில் அதுவே நாங்கள் யார் என்பதாக ஆகிவிட்டது.

சில நேரம் தொழிற்சாலையில் பசை காயக் காத்திருக்கும்போது யோசிப்பேன். வேறொரு உலகத்தில் யாரோ ஒருவர், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு அலையால் கப்பலைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்திருப்பார். அங்கே இந்தக் காதுச்சுவர்கள் முளைத்திருக்காது. அங்கே என்னைப் போல ஒருவன் கம்பளி இல்லாத செருப்போடு டக் டக்கென்று தெருவில் நடப்பான். அக்காவைப் போல ஒருத்தி வாசித்தால், "நல்லாருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் சத்தமா வை" என்பார்கள். அந்த உலகத்து அக்காவுக்கு இவ்வளவு கோபம் இருக்குமா என்று தெரியவில்லை. கோபம் இல்லாவிட்டால் அந்தக் கை தந்தியில் அப்படி இறங்குமா என்றும் தெரியவில்லை.

எங்கள் முதல் கச்சேரி அந்தக் காதுச்சுவரின் அடியில்தான். அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிசீவர் பழுது பார்த்துக்கொண்டிருந்த காலம். உடைந்த ரிசீவரின் காந்தச் சுருளை ஒரு பழைய கிட்டாரின் தந்திக்கு அடியில் வைத்து ஒட்டினால் அது ஊளையிடும் என்று ஒரு மத்தியானம் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். மேற்பார்வையாளர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். தெரிந்தவர்கள் கொஞ்சம் பேரைக் குன்றுக்கு அழைத்தோம். அங்கே முள்பெட்டி கிடையாது. அக்கா முதல் அடியை அடித்தாள். கிண்ணம் அதை வாங்கி நூறு மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தது. நாங்கள் நிமிர்ந்து பார்த்தால் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தரையில்.

எங்கள் ஊரில் நடக்கப் பழகும் முன்பே பழகுவது மூன்று சொற்கள்: படு, மூடு, திற. குப்புறப் படு. காதை மூடு. வாயைத் திற, இல்லாவிட்டால் குண்டின் அதிர்ச்சியில் செவிப்பறை கிழியும். பெரிய சத்தம் என்றால் உடம்பு தானாகச் செய்துவிடும். அவர்கள் செய்தார்கள். அத்தனை பேரும் புல்லில் முகம் புதைத்து, காதை மூடி, வாயைப் பிளந்து கிடந்தார்கள். அக்கா என்னைப் பார்த்து, "பிடிக்கலையாடா?" என்றாள். ஆனால் யாரும் எழுந்து ஓடவில்லை. பாட்டு முடியும்வரை கிடந்தார்கள். முடிந்ததும் ஒரு பையன் படுத்தபடியே, "இன்னொண்ணு" என்றான். அதிலிருந்து அதுவே வழக்கமாகிப்போனது. எங்கள் ரசிகர்கள் படுத்துத்தான் கேட்பார்கள். யார் முதலில் விழுவது என்று அவர்களுக்குள் போட்டி. அந்த இசைக்கு அவர்களே பெயரும் வைத்தார்கள், சிவப்பு. அக்காவின் பெயர்பெற்ற பாட்டு அங்கேதான் பிறந்தது.

வாயைத் திறக்கச் சொன்னது நீதானே,
அப்புறம் எதுக்கு மூடச் சொல்றே?

வீட்டுக்குப் போனபோது அம்மா தன் கைப்பட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா எங்கள் தெருவின் அமைதிக் காவலர். வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு தெருவில் நடப்பாள். குழந்தை அழுதால் கதவைத் தட்டாமல் தடவுவாள். அக்காவின் பாட்டை அவள் கேட்டதே இல்லை. நாங்கள் செய்வது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் எங்கள் வீட்டில் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

அக்கா விஷயத்தைச் சொன்னாள். அம்மாவின் முகம் விரிந்தது. "மன்றத்துலயா? அனுமதியோடயா?"

"மஞ்சள் வரைக்கும்."

"மஞ்சளே ஜாஸ்தி" என்றாள் அம்மா. "எனக்கு அங்க டியூட்டி போட்டிருக்காங்க. நடு வழில நிப்பேன். நீ வாசிக்கிறத நான் பாக்கலாம்."

"பாக்கிறதுக்கில்லம்மா. கேக்கிறதுக்கு."

அம்மா துணியை உதறப்போனவள், சத்தம் வரும் என்று நினைவு வந்து மெல்ல விரித்தாள். அப்போது அவளுடைய வலது உள்ளங்கை தெரிந்தது. அதில் ஓரமாக அரைவட்டத்தில் ஒரு தழும்பு. அக்காவுக்கு ஒன்றரை வயதில், பதுங்குகுழியில், மேலே கப்பல் வருவதாகச் சொன்ன மதியத்தில், அழுத வாயை அந்தக் கைதான் பொத்தியது. அக்கா கடித்தாள். ரத்தம் வந்தும் கை எடுக்கப்படவில்லை. நான் அப்போது அம்மாவின் வயிற்றில். அப்பா எல்லையில், திரும்பி வராத இடத்தில். அக்காவின் முகம் நீலமாகிப்போனதாம். வெளியே வந்ததும் அவள் அலறிய அலறலைக் கேட்டு யாரோ, "இதுக்கு எதுக்குத் தனியா ஒரு அபாயச் சங்கு?" என்று சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. அம்மா மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள். பாப்பா என்பாள், இன்றைக்கும்.

"பாப்பா, ஒத்துக்கோ" என்றாள் அம்மா. "ஊரோட சேந்து இரு. எவ்ளோ நாளைக்கு ஒளிஞ்சு ஒளிஞ்சு?"

"நான் எங்க ஒளியறேன்? நீங்கதான் எல்லாரும் ஒளியறீங்க. யார்கிட்டேர்ந்துன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல."

"கப்பல் வந்தா தெரியும்."

"கப்பலே வரலியேம்மா. அன்னைக்கும் வரல. நான் விசாரிச்சிட்டேன். அன்னைக்கு வானத்துல ஒண்ணுமே இல்ல. மேகம்."

அம்மா கைப்பட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, எனக்குக் கேட்காது என்று நினைத்தாளோ என்னவோ, உதடு மட்டும் அசைகிற மாதிரிச் சொன்னாள். "சத்தம் இல்லாததாலதான் வரல."

அந்த வாக்கியத்தைப் பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எங்கள் நாடு முழுவதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

விழா நாளன்று மன்றத்தின் பின்னறையில் நான் அக்காவைக் கேட்டேன். "மஞ்சளா, சிவப்பா? எனக்குத் தெரியணும்க்கா. எனக்கும் வேலை போயிடும், டாக்டரம்மாவும் மாட்டிப்பாங்க."

"தெரியலடா" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. "ஆயுசு பூரா வாசிக்கலாம்டா. நினைச்சுப் பாரு. ஒவ்வொரு ஊரா. யாரும் பல்லக் கடிக்க வேணாம். காதால கேக்கலாம். மஞ்சள்ல."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாருக்கு. அதான் பயமா இருக்கு."

கதவு தடவப்பட்டது. அம்மா. பட்டை கட்டிய கையில் ஒரு ஹேர்பின். "முடி முகத்துல விழுது உனக்கு" என்று சொல்லி, அக்காவின் நெற்றி முடியை ஒதுக்கிக் குத்திவிட்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது செய்வது போல, குத்திவிட்டு ஒரு தட்டு தட்டினாள். போய்விட்டாள்.

மன்றம் நிரம்பியிருந்தது. கீழ்த்தளத்தில் பெரியவர்கள், வாரியத்தார், மார்பில் பதக்கம் குத்தியவர்கள். மாடத்தில் எங்கள் ரசிகப் பிள்ளைகள். வரிசையாகக் கைப்பிடிச் சுவருக்கு மேல் முகங்கள். யாராவது சிரித்தால் பிறை தெரிந்தது. மேடையின் நடுவில், எல்லோரும் பார்க்கட்டும் என்று, கடிகாரம் அளவுக்குப் பெரிய முள்பெட்டி. மேடை ஓரத்தில் மின்விசைப் பலகை, அதன் பக்கத்தில் அன்றைக்கு வந்த வாரியத்துக்காரர், நம் பஞ்சுக்காரர், அவருடைய கடவாய்ப் பல் இப்போது சரியாகியிருந்தது. நடு வழியில் அம்மா. ஆபத்து என்றால் எல்லோரும் படுத்தார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாகப் படுப்பவர் காவலர். அதனால் நடுவில் நிறுத்துவார்கள்.

முதல் பாட்டைப் பச்சையில் வாசித்தோம். இரண்டாவது மஞ்சளின் கீழோரத்தில். வாரியத்தின் ஒலிப்பெட்டி நல்ல பெட்டி. ஒவ்வொரு சுரமும் துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி வந்தது. அக்கா பிழையில்லாமல் வாசித்தாள். அவளுடைய கை எங்கே பாயப் போகிறதோ அங்கே அந்தத் தடுப்பு மெத்தை மாதிரி வந்து வாங்கிக்கொண்டது. முடிந்ததும் கீழ்த்தளத்தார் கைகளைத் தேய்த்தார்கள். ஆயிரம் உள்ளங்கைகள். மணலில் தூறல் விழுவது போன்ற சத்தம், இதமான சத்தம். மாடத்தில் யாரும் தேய்க்கவில்லை. படுக்கவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஏதோ ஒரு வீட்டுக்குத் தவறிப்போய் வந்துவிட்டவர்களைப் போல.

அக்கா அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அம்மா தலையாட்டினாள்.

சின்னத் தலையாட்டல். கண் நிறைந்து, மோவாய் நடுங்க, என் பெண் என்கிற பெருமையோடு ஆட்டினாள். அக்கா பிறந்ததிலிருந்து அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இத்தனையும் செய்தாளோ என்று எனக்குத் தோன்றும். இப்போது அது கிடைத்துவிட்டது. ஆனால் அது அவள் வாசித்ததற்குக் கிடைக்கவில்லை. அவள் அடக்கிக்கொண்டதற்குக் கிடைத்தது. அக்காவின் முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல அணைந்து, வேறொன்று பற்றிக்கொள்வதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். நான் குச்சிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் ஒலிப்பெட்டியின் பின்னால் போய் மண்டியிட்டாள். மூடியைத் திருகினாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு அது ஒரு வேலையா? தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, தடுப்பின் இரண்டு திருகாணிகளுக்கும் குறுக்கே செருகி அதை முடக்கினாள். முடி அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. எழுந்து வந்து ஒலிவாங்கியில் சொன்னாள்.

"இது எங்கம்மாவோட பின்னு. பத்திரமா திருப்பித் தரணும்."

அடித்தாள்.

முள் எழும்பியதை நான் பார்க்கவில்லை. பார்த்தபோது அது சிவப்பின் கடைசியில் முட்டிக்கொண்டு நின்றது, அதற்கு மேல் போக இடமில்லாமல். கீழ்த்தளத்தில் ஒரு தலைகூட இல்லை. பதக்கங்கள், வாரியத்தார், எல்லோரும் நாற்காலிகளுக்கு அடியில். மாடத்திலும் ஒருவர் இல்லை. எங்கள் பிள்ளைகளும் விழுந்துவிட்டார்கள், வழக்கம்போல, ஆசையோடு. பயந்து விழுந்தவரும் பிடித்து விழுந்தவரும் ஒரே மாதிரித்தான் கிடந்தார்கள். விசைப் பலகைக்கு அடியில் பஞ்சுக்காரரும் குப்புறக் கிடந்தார், காதை மூடி, வாயைத் திறந்து. அக்கா காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடினாள். வாயைத் திறக்கச் சொன்னது நீதானே. நான் பசை டின் நசுங்க நசுங்க அடித்தேன். துளைக்கருவி எதுவும் இல்லை. யாரும் வாய் கொப்பளிக்கவில்லை. பாட்டை நடுவில் நிறுத்தச் சொல்ல உலகத்தில் எதுவும் இல்லை. நாங்கள் நின்று பழகிய இடங்களையெல்லாம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தோம்.

நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள். அம்மா. எல்லோரும் படுத்துவிட்டார்களா என்று அவள் பார்த்து முடித்திருக்க வேண்டும். இனி அவள் படுக்கலாம். படுக்கவில்லை. "அமைதி" என்பதற்கு உயர்த்தும் வலது கை உயர்ந்தபடியே இருந்தது, தழும்பு மேடையைப் பார்த்து. வாய் மட்டும், பழக்கத்தில், திறந்திருந்தது.

அப்புறம் பஞ்சுக்காரர் எழுந்தார். முழங்காலில் ஊன்றி, பலகையைப் பிடித்து எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சிரித்துவிடுவார் போலத்தான் இருந்தது, அந்தப் பிறை தெரிந்தது. ஆனாலும் அவர் வேலை அது. விசையைக் கீழே இழுத்தார்.

கிட்டார் செத்தது. அக்காவின் குரல் ஒலிவாங்கி இல்லாமல் ஒரு வரி ஓடி, கரகரத்து நின்றது. என் கைகளும் நின்றுவிட்டன. அவ்வளவு பெரிய சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த மௌனம் எனக்குத் தெரிந்த மௌனமாக இல்லை. முள் சிவப்பிலிருந்து இறங்கியது. மஞ்சளைக் கடந்தது. பச்சையில் போய்ப் படுக்கப் பார்த்தது. பஞ்சுக்காரர் விசையின் மேல் கை வைத்தபடி நின்றார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. துருப்பிடித்த கீலைத் திறப்பது போல, சின்னதாக, உடைந்து. எங்கிருந்து என்று முதலில் புரியவில்லை. அம்மாவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, அக்காவுக்குப் புடைக்கிற அதே இடத்தில். அது பாட்டா அலறலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. இருபத்தைந்து வருஷமாக அந்தத் தொண்டைக்குள் என்ன இருந்ததோ அது வந்துகொண்டிருந்தது. நாற்காலிகளுக்கு அடியிலிருந்து தலைகள் திரும்பின, வாய்கள் திறந்தபடி. மாடத்தின் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு முகம் எழுந்தது. இன்னொன்று. பஞ்சுக்காரர் அம்மாவைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அதில் வரிசையாக எத்தனையோ விசைகள் இருந்தன. அம்மாவை நிறுத்த ஒன்றும் இல்லை.

முள் பச்சையிலிருந்து அசைந்தது. மஞ்சளுக்குள் ஏறியது. ஏறி, சிவப்பின் விளிம்பில் போய் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா முகத்தில் விழுந்த முடியை ஒதுக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

நான் குச்சிகளை உயர்த்தினேன்.